மலைப்பாதையும் வெள்ளொளியும்: வாகனங்களுக்கு எல்.ஈ.டி. மின்குமிழ் பொருத்துவோர் கவனத்திற்கு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை ஊடாக மலையேறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, பிட்டவல பத்தனை, இலுக்கும்புர வழியாக லக்கல பிரதேசத்திற்கு இறங்கும் வீதி, நமது நாட்டின் அழகிய பாதைகளுள் ஒன்று. இரவு நேரத்தில் வாகனம் செலுத்துபவர்களுக்கு அது மிகக் கடினமான பாதைகளுள் ஒன்றாகவும் இருக்கின்றது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருவது லொறியா, முச்சக்கர வண்டியா என்பதை அதன் வெளிச்சத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டும். இத்துடன் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கே உரிய மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மாத்தளை மாவட்டத்திலும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. அதன் பின்னர் மலை வீதிகளில் பயணிப்போர் பாதையின் ஓரத்தை முன்னரிலும் கூடிய அச்சத்துடனேயே நோக்குகின்றனர்.

களு கங்கை நீர்த்தேக்கத்திற்கு 2018 ஜூலையில் நீர் நிரப்பத் தொடங்கியதைத் தொடர்ந்து பழைய பல்லேகம நகரம் நீருக்குள் மறைந்தது. அதற்கு ஈடாக அமைக்கப்பட்ட லக்கல புதிய நகரம் 2019 ஆரம்பத்தில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. புதிய நகரமும் புதிய நீர்த்தேக்கமும் புதிய போக்குவரத்தைக் கொண்டு வருவது இயல்பே. மரக்கறி லொறிகள், சுற்றுலாப் பயணிகளின் வான்கள், விடுமுறை நாட்களில் கூட்டமாக வரும் மோட்டார் சைக்கிள்கள் ஆகியன இன்று இம்மலையில் ஓடுகின்றன. நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகைக்குப் பின் வீடு திரும்புவோரும், மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத் தேர்த் திருவிழாவுக்குச் சென்று இரவில் தோட்டங்களுக்குத் திரும்பும் குடும்பங்களும் ரத்தோட்டைப் பக்கத்து மலைவீதிகளையே நம்பியிருக்கின்றனர்.

இந்த வீதியில் அண்மைக் காலமாகக் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியுடன் எதிர்ப்படும் பழைய வாகனங்களின் எண்ணிக்கை கூடி வருவதை அங்கு பயணிக்கும் எவரும் அறிவர். வாகனத்தின் பழைய மின்குமிழைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்.ஈ.டி. குமிழைப் பொருத்துவதே இதற்குக் காரணம். இதைச் செய்வோரை வெறும் ஆடம்பரப் பிரியர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியிலேயே. இந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டிலுள்ள கார்கள் யாவும் ஐந்து வயது கூடின. முன்விளக்கின் கண்ணாடி மஞ்சளித்தது, மின்வடங்கள் தேய்ந்தன, வெளிச்சம் மங்கியது. புதிய வாகனம் வாங்க வழியற்றவர் உதிரிப்பாகக் கடையில் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் வெள்ளொளிக் குமிழில் தீர்வு தேடியது விளங்கிக்கொள்ளக் கூடியதே. அந்தத் தீர்வு யாருடைய கண்ணில் விழுகிறது என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது.

எல்.ஈ.டி. என்பது ஒளி காலும் இருவாயி. மின்சாரம் ஒரு குறைகடத்தியினூடாகப் பாயும்போது நேரடியாக ஒளி பிறக்கின்றது. சிவப்பு, பச்சை நிற இருவாயிகள் நீண்ட காலமாகவே இருந்தன. நீல நிறம் கைகூடாததால் வெள்ளை ஒளியை உண்டாக்க முடியாதிருந்தது. அந்த நீல ஒளியைச் சாத்தியமாக்கிய இசாமு அக்கசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வாகனங்களைப் பொறுத்தவரை, 2007 இல் லெக்சஸ் நிறுவனத்தின் காரொன்று தாழ் ஒளிக்கு எல்.ஈ.டி.யைப் பயன்படுத்தி வெளிவந்தது. இன்று தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் புதிய கார்களிற் பெரும்பாலானவற்றில் இதுவே உண்டு. எனவே எல்.ஈ.டி. ஒளியே தீயது என்று கூறுவது அறியாமை. தொழிற்சாலையில் அமைந்த எல்.ஈ.டி. விளக்கில் ஒளிமூலமும், அதனைத் திசைப்படுத்தும் வில்லையும் தெறிப்பியும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வடிவமைக்கப்பட்டுள்ளன. நம்மவர்கள் செய்வது வேறு. வேறொரு ஒளிமூலத்துக்காக வார்க்கப்பட்ட கூட்டுக்குள் இதனைப் புகுத்துகின்றனர்.

நமது வீதிகளில் ஓடும் பழைய கார்களிலும் வான்களிலும் பரவலாகக் காணப்படும் குமிழ் 'எச் 4' எனப்படும் மூன்று முனைக் குமிழாகும். அதனுள் இரண்டு மெல்லிய இழைகள் உள்ளன. ஒன்று 60 வாட் உயர் ஒளிக்கு; மற்றது 55 வாட் தாழ் ஒளிக்கு. தாழ் ஒளி இழையின் கீழே கரண்டி போன்ற சிறு உலோகத் தகடொன்று இருக்கும். பலரும் அதைப் பார்த்திருப்பர். அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்தவர் சிலரே. அந்தத் தகடுதான் கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுத்து, தெறிப்பியின், அதாவது பின்னாலுள்ள பளபளப்பான கிண்ணத்தின், மேற்பாதியில் மட்டும் ஒளி விழச் செய்கின்றது. மேற்பாதியில் விழும் ஒளி கீழ்நோக்கி வீதிக்குத் திரும்பும். கீழ்ப்பாதியில் விழுந்தாலோ அது மேல்நோக்கி எழுந்து எதிரே வருபவரின் முகத்தில் அறையும். இவ்வாறு உருவாகும் ஒளிக்கற்றைக்குக் கத்தியால் வெட்டியது போன்ற மேல் எல்லை ஒன்று உண்டு. இடப்பக்கமாக வாகனம் செலுத்தும் நமது நாட்டில் அந்த எல்லைக்கோடு வலப்பக்கம் கிடையாகவும், இடப்பக்கம் சற்று மேலெழுந்தும் இருக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் காத்து, இடப்பக்க வீதியோரத்தில் நடந்து செல்பவரையும் மைல் கல்லையும் காட்டுவதற்கான ஏற்பாடு அது.

இவ்வளவும் தங்கியிருப்பது அந்த இழையின் இடத்திலும் அளவிலும் ஆகும். சில மில்லிமீற்றர் நீளமான அந்த மெல்லிய இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். மாற்றுக் குமிழிலோ, தட்டையான தகட்டின் இரு முகங்களிலும் சிறு சில்லுகள் ஒட்டப்பட்டுள்ளன. அவை இரு பக்கமாகவே ஒளி வீசும்; நடுவே தகட்டின் தடிப்பு வேறு. இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் தெறிப்பியின் கணக்கு பிழைத்துவிடும். அப்போது கூர்மையான எல்லைக்கோடு கலைந்து ஒளி மேலே சிந்துகின்றது. சாரதிக்கோ தன் முன்னால் பத்து மீற்றர் வீதி பளிச்சென்று வெண்மையாகத் தெரிவதால், வெளிச்சம் கூடிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் தூரத்துக்குச் செல்ல வேண்டிய ஒளியின் ஒரு பகுதி காலடியிலும் இன்னொரு பகுதி வானத்திலும் வீணாகியிருக்கக் கூடும். அருகே அதிக வெளிச்சம் இருந்தால் கண்ணின் பாவை சுருங்கும். தூரத்து இருள் மேலும் இருளும். பணம் கொடுத்துப் பார்வையைக் குறைத்துக்கொள்வதாகவே இது முடிகின்றது.

குமிழ்ப் பெட்டிகளில் அச்சிடப்படும் இலக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'எச் 4' குமிழின் உயர் ஒளி சுமார் 1,650 லுமென். தாழ் ஒளி சுமார் 1,000 லுமென். சந்தையில் 20,000 லுமென் என்று பெருமையடிக்கும் பெட்டிகள் உள்ளன. எல்.ஈ.டி. ஒரு வாட் மின்சாரத்திலிருந்து தரக்கூடியது ஏறத்தாழ நூறு லுமென் என்று கொண்டால், அந்தப் பெருமைக்கு 200 வாட் மின்சாரம் வேண்டும். விரலளவு குமிழ் அந்த வெப்பத்தில் உருகிவிடும். பெட்டியில் உள்ள பொய், குமிழின் தரத்தைப் பற்றியும் ஏதோ சொல்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சமதரையில் இந்தக் கூசொளி ஒரு தொல்லை. மலையில் அது ஆபத்து. ஏற்றத்தில் வரும் வாகனத்தின் மூக்கு மேல்நோக்கியிருப்பதால், சரியாகப் பொருத்தப்பட்ட விளக்கே இறக்கத்தில் வருபவரின் கண்ணை ஓரளவு தாக்கும். எல்லைக்கோடு கலைந்த விளக்காயின் கேட்க வேண்டியதில்லை. வளைவிலே ஒளிக்கற்றை எதிரே வருபவரின் முகத்தைக் குறுக்காக வாரிச் செல்கின்றது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் பதினொரு மீற்றர் நகரும். கண் கூசி இரண்டு செக்கன் எதுவும் தெரியாது போனால், சாரதி 22 மீற்றர் தூரத்தைக் குருடராகவே கடக்கின்றார். ரிவர்ஸ்டன் பக்கத்து வளைவுகளில் 22 மீற்றர் என்பது வளைவு முழுவதையும் விழுங்கும் தூரம். வயது கூடக் கூட, கூசிய கண் மீண்டும் தெளிவடைய எடுக்கும் நேரமும் கூடும். கண்புரை தொடங்கியவர்களுக்கு அது இன்னும் அதிகம். தனியார் பஸ்களையும் லொறிகளையும் செலுத்தும் அனுபவசாலிகளில் ஐம்பது வயதைக் கடந்தவர் பலர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கண் கூசிய அந்த லொறிச் சாரதி விலகி வரப்போவது, வெள்ளொளி பொருத்திய அதே காரின் மீதே ஆகலாம்.

மூடுபனியைப் பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை நிலவுகின்றது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும், வெள்ளை ஒளி துளைக்காது என்பதே அது. பிரான்ஸ் நாடு 1936 முதல் 1993 வரை முன்விளக்குகள் மஞ்சளாக இருக்க வேண்டுமென்று சட்டமே வைத்திருந்தது. ஆயினும் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை; அவை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே சிதறடிக்கின்றன. பனியில் வேறுபாட்டை ஏற்படுத்துவது நிறத்தைக் காட்டிலும் ஒளியின் கோணமே. மேலே சிந்தும் ஒளி பனித்துளிகளிற் பட்டுச் சாரதியின் கண்ணுக்கே திரும்பி வெள்ளைத் திரையாக நிற்கும். நீலம் கலந்த 6,000 கெல்வின் ஒளி, ஹலஜன் குமிழின் சுமார் 3,200 கெல்வின் ஒளியைவிடக் கண்ணை அதிகம் உறுத்துவதால், மஞ்சள் ஒளி இதமாக இருப்பது மட்டும் உண்மை. பனியில் உயர் ஒளியைப் போடுவதும், காரின் நெற்றியில் ஒளிப்பட்டைகளை ஏற்றுவதும் அதே காரணத்தால் பயனற்ற செயல்கள். விடுமுறைக் காலத்தில் ரிவர்ஸ்டனுக்கு வரும் ஜீப் வண்டிகள் இதை அறிந்தால் நல்லது. பனிவிளக்கு தாழ்வாக, நிலத்துக்கு அண்மையில் பொருத்தப்படுவதன் இரகசியமும் இதுவே.

அப்படியானால் எல்.ஈ.டி. குமிழை வாகனத்தின் வெளிப்புறத்தில் எங்குமே பொருத்தக் கூடாதா? பொருத்தலாம். முன்விளக்கை விட்டுப் பின்புறம் வந்தால் கதை மாறுகின்றது. பிரேக் விளக்கின் வேலை, வீதியைக் காட்டுவதன்று, தன்னைக் காட்டுவது. சாதாரண 21 வாட் குமிழின் இழை சூடேறி முழு ஒளியைத் தர ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் தேவைப்படும். எல்.ஈ.டி. உடனேயே ஒளிரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு இது மூன்று மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை மிச்சப்படுத்துகின்றது. ஒரு முச்சக்கர வண்டியின் நீளத்தைவிட அது அதிகம். அதிர்வினால் அறுந்துபோகும் இழை இல்லாததால் மேடு பள்ளமான வீதிகளில் நீண்ட காலம் உழைக்கும். மின்கலத்திற்கும் சுமை குறைவு.

இங்கும் பலர் தவறுவது நிறத்தில். சிவப்பு மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி.யைப் பொருத்தக் கூடாது. வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீல ஒளியின் மேல் மஞ்சட் பூச்சிட்டு உண்டாக்கப்பட்டது. அதில் சிவப்புப் பங்கு குறைவு. மூடி வெள்ளையிலிருந்து சிவப்பை மட்டுமே வெளியே விடுவதால், ஒளி மங்கி இளஞ்சிவப்பாகத் தோன்றும். சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்.ஈ.டி., செம்மஞ்சள் சமிக்ஞை விளக்குக்குச் செம்மஞ்சள் எல்.ஈ.டி. என்பதே விதி. பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே குமிழாக இருந்தால், மிதிக்கும்போது ஒளி கூடுவது தெளிவாகத் தெரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். மலிவான குமிழ்களில் இரண்டும் ஒன்று போலவே எரியும். பின்னால் வருபவருக்கு வாகனம் நிற்கப் போகிறதா இல்லையா என்பது தெரியாது.

சமிக்ஞை விளக்குகளை மாற்றியவுடன் அவை படபடவென்று மிகை வேகத்தில் துடிப்பதைக் கண்டு பலர் கலங்குவர். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைகள் என்பது வழக்கமான அளவு. குறைந்த மின்சாரத்தைக் காணும் பழைய ரிலே, குமிழொன்று அணைந்துவிட்டதாக எண்ணி வேகமாகத் துடிக்கின்றது. 'வயரிங் பாஸ்' என்று நாம் அழைக்கும் மின் திருத்துநர்கள் சிலர் இதற்குத் தடையி ஒன்றை இணைத்து விடுகின்றனர். மிச்சப்படுத்திய மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும் வேலை அது. அத்தடையி கடுமையாகச் சூடேறும். பிளாஸ்டிக் பகுதியிலோ வடங்களின் மேலோ கட்டிவைத்தால் உருக்கிவிடும். எல்.ஈ.டி.க்கென்றே விற்கப்படும் மின்னணு ரிலேயை மாற்றுவதே சீரான வழி. சில புதிய கார்களில் அந்த வேலையைக் கணினியே செய்வதால், அவற்றில் கைவைக்கு முன் விபரமறிந்தவரிடம் கேட்பது நல்லது.

மீண்டும் முன்விளக்குக்கு வருவோம். மங்கிய வெளிச்சத்தோடு மலையேற முடியாது என்ற முறைப்பாடு நியாயமானதே. அதற்கான பரிகாரம் பெரும்பாலும் குமிழில் இல்லை. மஞ்சளித்த கண்ணாடியை நுண்ணிய மணற்தாளால் தேய்த்து மெருகேற்றினால் கிடைக்கும் வெளிச்சத்தைக் கண்டு உரிமையாளர்களே வியப்பதுண்டு. அடுத்தது மின்னழுத்தம். இழைக் குமிழின் ஒளி மின்னழுத்தத்தோடு மிக வேகமாகக் கூடிக் குறையும். குமிழை அடையும் மின்னழுத்தம் பத்து வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்துவிடுகின்றது. பழைய கார்களில் மின்சாரம் ஆளியினூடாகவும் துருப்பிடித்த இணைப்புகளினூடாகவும் சுற்றி வருவதால் இந்த இழப்பு சாதாரணமாக நேர்வது. மின்கலத்திலிருந்து தடித்த வடமொன்றை ரிலே ஊடாக நேரே கொண்டுவந்து, பூமி இணைப்பையும் சுத்தம் செய்தால், அதே 55 வாட் குமிழ் புதுப்பிறவி எடுக்கும். தெறிப்பியின் பூச்சு உரிந்திருந்தால் எந்தக் குமிழும் உதவாது. முழு விளக்கையும் மாற்றியாக வேண்டும்.

இவற்றின் பின் ஒளி விழும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். இதற்குச் செலவில்லை. சமதரையில், சுவரொன்றிலிருந்து பத்து மீற்றர் தூரத்தில் வாகனத்தை நிறுத்தி, தரையிலிருந்து முன்விளக்கின் மையம் வரையான உயரத்தை அளந்து சுவரில் கோடிட வேண்டும். தாழ் ஒளியின் மேல் எல்லை அக்கோட்டுக்குச் சுமார் பத்து சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். வழக்கமாக ஏற்றும் சுமையுடன் இதைச் செய்வது அவசியம். பின்னால் சுமை ஏறினால் மூக்கு உயரும். எல்.ஈ.டி. குமிழை ஏற்கெனவே பொருத்தியவர்களுக்கும் இதுவே பரீட்சை. சுவரில் தெளிவான கோடு தெரியாமல், வெளிச்சம் மேலே புகைபோலக் கலைந்திருந்தால் அந்தக் குமிழைக் கழற்றிவிட வேண்டும். விளக்கைக் கீழே சாய்த்துவிட்டால் போதும் என்பர் சிலர். அப்போது கூசொளி முற்றாக ஒழிவதில்லை. சாரதியின் பார்வைத் தூரமும் போய்விடும்.

குமிழும் கூடும் ஒன்றோடொன்று பொருந்தினால் மாற்றத்தை அனுமதிக்கலாம் என்பதற்கு ஜெர்மனி உதாரணம். 2020 இல் ஒஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்.ஈ.டி. குமிழொன்று அங்கு முதன்முதலாக வீதிப் பாவனைக்கு அனுமதி பெற்றது. ஆனால் எல்லாக் கார்களுக்கும் அல்ல. ஒவ்வொரு கார் மாதிரியின் முன்விளக்கிலும் தனித்தனியே பரீட்சித்து, பட்டியலில் உள்ள மாதிரிகளுக்கு மட்டுமே. பிரித்தானியாவிலோ, ஹலஜன் முன்விளக்கில் எல்.ஈ.டி. குமிழ் பொருத்திய காரை வருடாந்தப் பரிசோதனை ஏற்றுக்கொள்வதில்லை.

நமது நாட்டில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள மேலதிகப் பொருத்துகளை அகற்ற முற்பட்டபோது பெரும் வாதப் பிரதிவாதம் எழுந்தது. வர்ண விளக்குகளும் அலங்காரங்களும் அப்போது அதிகம் பேசப்பட்டன. அலங்காரத்தை எவரும் கண்ணால் காணலாம். முன்விளக்கின் ஒளிக்கற்றை எங்கே விழுகிறது என்பதை வீதியோரத்தில் நின்று சொல்ல முடியாது. அதற்கு அளக்கும் கருவி வேண்டும். நாம் வருடந்தோறும் பெறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் புகையைப் பற்றியது, ஒளியைப் பற்றியதன்று. அந்தப் பரிசோதனை நிலையங்களிலேயே முன்விளக்கையும் அளந்து பார்க்க ஏற்பாடு செய்தால், ஒரே வரிசையில் இரு வேலை முடிந்துவிடும். அதிகாரிகள் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?

லக்கலவிலிருந்து வஸ்கமுவ தேசிய வனப் பக்கமாகச் செல்வோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்திக்குப் பின் அங்கு வீதியைக் கடப்பவை வாகனங்கள் மட்டுமல்ல. யானைகளும் எருமைகளும் கடக்கின்றன. யானையின் சாம்பல் நிற உடல் ஒளியை அதிகம் திருப்பி அனுப்புவதில்லை. எதிரே வந்த வாகனத்தால் கண் கூசியவருக்கு அது அருகில் வரும்வரை இருளின் ஒரு பகுதியே. வயலிலிருந்து திரும்பும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களின் இழுவைப் பெட்டிகளும் அவ்வாறே. அவற்றுட் பலவற்றில் பின்விளக்கே இல்லை. முன்விளக்குக்கு வெள்ளொளி வாங்க எண்ணியிருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, இழுவைப் பெட்டியின் இரு மூலைகளிலும் சிவப்புத் தெறிப்புப் பட்டி ஒட்டி, ஒரு சிவப்பு எல்.ஈ.டி. விளக்கையும் மாட்டிவிடலாம். இருளில் பின்னால் வருபவர் அதைத் தூரத்திலேயே காண்பார்.